பரணிலிருந்து மேஜைக்கு

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் விளக்குக்கு இடமில்லை. பகல் வெளிச்சத்தில் வேலை தொடங்கி, பகல் வெளிச்சத்திலேயே முடிய வேண்டும். தீபாவளி இரவில் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒளி காட்டும் சரக்கு வெயிலில்தான் தயாராகிறது. அதைச் செய்கிறவர்களுக்கு விளக்கு என்பது வீடு திரும்பிய பிறகு உள்ள சங்கதி.

அந்த வீட்டு விளக்குக்கு இப்போது ஒரு புது வாழ்வு வந்திருக்கிறது. பழைய பித்தளை விளக்கைத் தேடிப் பிடித்து, பல்பு மாட்டி, மேஜை மேல் வைப்பது விருதுநகர், ராஜபாளையம், சிவகாசிப் புது வீடுகளிலும் பார்க்கக் கூடியதாகிவிட்டது. ஆனால் அன்று விளக்கு வாங்கியவர் கேட்ட கேள்விகள் வேறு. இன்று வாங்குகிறவர் கேட்பவை வேறு.

அன்று

மின்சாரம் வராத வீட்டில் விளக்கு ஒன்றல்ல, ஒரு குடும்பம். மாடக்குழியில் அகல், சாமிக்குக் குத்துவிளக்கு, அடுப்படியில் சிம்னி, தொழுவத்துக்கும் தோட்டத்துக்கும் போக அரிக்கேன். காற்றுக்கு அணையாதது ஒன்று, கையில் தூக்க வசதியானது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருந்தது.

மேஜை விளக்கு இருந்த வீடுகள் குறைவு. முதலில் மேஜை இருக்க வேண்டுமே! எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல், பருத்தி என்று கொள்முதல் நடந்த விருதுநகரில், கடை அடைத்த பிறகும் பேரேடு எழுத உட்கார்ந்த வியாபாரிகளுக்கு அது தேவைப்பட்டது. அகலமான அடி, எண்ணெய் பிடிக்கும் குடுவை, நாடாத் திரி, மேலே உயரமான கண்ணாடி. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கவிழ்த்த மரக்கால் மேல் சிம்னியை வைத்துப் பாடம் படித்தார்கள்.

அன்று விளக்கு வாங்குகிறவர் அதைத் தூக்கிப் பார்ப்பார், கனம் தெரிய. திருகைத் திருப்பிப் பார்ப்பார், பல்சக்கரம் திரியைக் கவ்வுகிறதா என்று. குடுவையில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்ப்பார். கடைசியாக, ‘இதுக்குக் கண்ணாடி உடைஞ்சா உங்ககிட்ட கிடைக்குமா?’ என்று கடைக்காரரைக் கேட்பார். விளக்கு ஒரு முறை வாங்குவது. கண்ணாடி அடிக்கடி வாங்குவது. அழகைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசியதில்லை. நன்றாக எரிகிற விளக்கு அழகான விளக்கு, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடி துடைக்காதவர்கள். அந்த வேலை சின்னப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். அவர்கள் கைதான் உள்ளே நுழையும். பொழுது சாயும் முன் சாம்பலும் பழந்துணியும் வைத்துக் கரியை எடுக்க வேண்டும். சீமெண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும், விடிந்தால் மூக்கில் கரி இருக்கும். 1923-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன் பிறகு இந்த வட்டாரத்தில் விளக்கடி வேலையிடமாகவும் ஆனது. பெட்டி ஒட்டுவதும் சட்டத்தில் குச்சி அடுக்குவதும் வீடுகளுக்குள் வந்தன. பெண்களும் பிள்ளைகளும் இருட்டிய பிறகும் அந்த மங்கல் வெளிச்சத்தில் கூலிக்குக் குனிந்திருந்தார்கள்.

கல்யாணம், கோயில் கொடை, நாடகம் என்றால் பெட்ரோமாக்ஸ். அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் சிலர். மற்றவர்கள் சைக்கிள் கடையில் வாடகைக்கு எடுத்தார்கள். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் கவுண்டமணி நடத்துவது அப்படிப்பட்ட கடைதான். செந்தில் தொட்டதும் உதிர்ந்த மேண்டிலைப் பார்த்து ஊரே சிரித்தது, அது எவ்வளவு நொய்மையானது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்.

அந்த மேண்டிலின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தோரியமும் சிறிது சீரியமும் ஏற்றிய துணிவலை அது. ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது. அதற்கான தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கிறது. திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909 வாக்கில் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகளுக்கு நம் கடற்கரை மணல் கப்பலேறியது.

இடையில்

மின்கம்பம் ஊருக்குள் வந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் குடிசைக்கு ஒரு விளக்கும் வந்தது. குண்டு பல்பு போய்க் குழல் விளக்கு வந்ததும் பித்தளை விளக்குகள் பரணுக்கு ஏறின. பல வீடுகளில் அவை எடைக்குப் போய், புதுப் பானையாகவும் குடமாகவும் திரும்பி வந்தன. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் மிச்சமிருந்தவை சில கீழே இறங்கின. அதற்குள் எமர்ஜென்சி லைட்டும் இன்வெர்ட்டரும் வந்து அவற்றை மறுபடி மேலே ஏற்றிவிட்டன. 2014-இல் மத்திய அரசுத் திட்டத்துக்கு 310 ரூபாய்க்குக் கொள்முதலான எல்.இ.டி. பல்பு, மூன்றே ஆண்டில் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. வெளிச்சம் மலிந்தது.

இன்று

ஒரு 9 வாட் எல்.இ.டி. தருவது ஏறத்தாழ 800 லூமென். நாடாத் திரி விளக்கு தந்தது சில பத்து. அன்று போதாமல் இருந்த வெளிச்சம் இன்று கூடிப்போய்விட்டது. பழைய விளக்கைத் தேடுகிறவர் உண்மையில் தேடுவது குறைந்த வெளிச்சத்தை. அறை முழுக்க அல்ல, புத்தகத்தின் மேல் மட்டும் விழுகிற ஒளி.

தேட நல்ல இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழிந்த சாமான்கள் வரிசையாக இருக்கும். அங்கேயும் சரி, இணையக் கடையிலும் சரி, பழசு என்று சொல்வதெல்லாம் பழசல்ல. மொராதாபாத்தில் புதிதாகச் செய்து பழுப்பேற்றியவை ஏராளம். பையில் ஒரு காந்தம் போதும்: பித்தளையில் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால், அந்த விளக்கு நூற்றாண்டுப் பழசு என்பதை நம்ப வேண்டாம். அந்த வகைத் திருகாணி பரவியதே 1930-களுக்குப் பிறகு. தேய்மானம் கை படும் இடத்தில், திருகிலும் அடிவிளிம்பிலும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது அமிலத்தின் வேலை.

வாங்கிய கையோடு புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; பல ஆண்டில் படிந்த நிறம் ஒரு நாளில் போய்விடும். குடுவையில் ஓட்டை போட்டு வயர் இழுக்கவும் வேண்டாம். பர்னரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த மரையில் பொருந்தும் ஹோல்டரை மாட்டச் சொல்லுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் எண்ணெய் விளக்காக மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே மின்விளக்காக இருந்தால் துணி சுற்றிய பழைய வயரை முழுதாக மாற்ற வேண்டும். உடம்பு உலோகம் என்பதால் மூன்று முள் பிளக்கும் எர்த்தும் இல்லாமல் சுவிட்சைப் போடக் கூடாது. பல்பு 2,700 கெல்வின், 4 அல்லது 5 வாட் போதும். உட்கார்ந்தால் ஷேடின் கீழ்விளிம்பு கண்மட்டத்தில் வர வேண்டும். வலக்கையால் எழுதுகிறவருக்கு விளக்கு இடப்பக்கம். எண்ணெய் ஊற்றித்தான் ஏற்றுவேன் என்பவருக்கு இந்த வட்டாரத்தில் ஒரு சொல் கூடுதலாக: பட்டாசுப் பெட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

இத்தனையும் பார்த்து வாங்கிய விளக்கைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வருகிற விருந்தாளி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அன்றைய வாங்குகிறவர் இவரைவிடக் கெட்டிக்காரர். இந்த விளக்கு எங்கே உட்காரும், யாருக்கு எரியும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்ற மூன்றையும் கடையிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் அவர் மடியை அவிழ்த்தார். இன்றும் அந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், விளக்கின் வயது எதுவானாலும் வாங்கலாம். பதில் இல்லையென்றால் பணம் கையிலேயே இருக்கட்டும்.