மலை சைக்கிளை மாற்றியமைக்கும் முன்: பினாங்குப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

பினாங்குத் தீவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜோர்ஜ்டவுனின் சமதளச் சாலையில் புறப்பட்டு, சற்று நேரத்திலேயே மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். தண்ணீர்மலை முருகன் ஆலயம் இருக்கும் பக்கமாகப் போனால் தாவரவியல் பூங்கா. அதன் அருகிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஏறுகிறது. ஆயர் ஈத்தாம் அணைப் பக்கமாக ஏறுபவர்கள் பழத்தோட்டங்களை ஒட்டிய வழிகளில் பாலேக் புலாவ் வரை போய் இறங்குகிறார்கள்.

இந்த மலைகள் நம் இளைஞர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. கையில் இருக்கும் சைக்கிளைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் ஆசையும் அதோடு சேர்ந்தே வருகிறது. "அகலமான ஹேண்டில்பார் வேண்டும், புது ஃபோர்க் வேண்டும்" என்று பிள்ளை கேட்கும்போது, சரி என்பதா வேண்டாம் என்பதா என்று பெற்றோர் குழம்புகிறார்கள். மாற்றியமைப்பதில் தவறில்லை. எதை முதலில் மாற்றுகிறோம், எதை ஒருபோதும் கழற்றக் கூடாது என்பதுதான் கேள்வி.

ஹார்ட்டெயில் என்பது என்ன?

மலை சைக்கிள்களில் பெரும்பாலும் இரண்டு வகையைக் கடைகளில் காணலாம். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ளது ஒரு வகை. முன் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் இருந்து, பின்பகுதி வளையாத சட்டமாக இருப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குத்தான் ஹார்ட்டெயில் என்று பெயர்.

ஹார்ட்டெயிலில் அசையும் பாகங்கள் குறைவு. அதனால் விலை குறைவு, எடை குறைவு, பழுதும் குறைவு. மழையும் கடற்காற்றும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் பினாங்கில் இது சிறிய நன்மை அல்ல. பின்சக்கரம் கல்லில் மோதினால் உடம்பில் தெரியும் என்பதால், எந்த வழியில் சக்கரத்தை விடுவது, எப்போது சீட்டிலிருந்து எழுவது என்பதை ஓட்டுபவர் விரைவில் கற்றுக்கொள்கிறார். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது ஏற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை சைக்கிள் போலத் தோன்றும் எல்லாமே மலைக்கானவை அல்ல. மலிவு விலைச் சைக்கிள்கள் சிலவற்றின் சட்டத்திலோ கையேட்டிலோ, கரடுமுரடான பாதைக்கு உகந்ததல்ல என்று எழுதியிருக்கும். வாங்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

பிறந்ததே மாற்றியமைப்பில்தான்

மலை சைக்கிளை முதலில் எந்தத் தொழிற்சாலையும் உருவாக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர், பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் இறக்கத் தொடங்கினார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அங்கு முதல் போட்டி நடந்தது. சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் பாதை அது.

அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்த கதையில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுப்பகுதிக்குள் பிரேக் பிடிக்கும். நெடிய இறக்கத்தில் அந்தப் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் அதைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்பதே அந்த ஆங்கிலப் பெயரின் பொருள்.

அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள்? வலுவான டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரையும் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஏறுவதற்கு கியர் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-இல் மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டத்தைச் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிளோட்டம் இடம்பெறும் அளவுக்கு அது வளர்ந்தது. ஃபோர்க் சஸ்பென்ஷன் பரவலானது பின்னால்தான். முதலில் வந்தது பிரேக்.

மாற்றியமைப்பது நமக்கும் புதிதல்ல. நம் தாத்தாக்கள் காலத்தில் பால்காரரும் ரொட்டிக்காரரும் சைக்கிளில் கேரியர், பெட்டி, ஸ்டாண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். சுமை ஏற்ற ஏற்ற, சைக்கிளை நிறுத்தும் வழியையும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மறக்கக் கூடாத இரவு

நம் நாட்டில் 'பாசிக்கால் லாஜாக்' என்று அழைக்கப்படும் சைக்கிள்கள் இதற்கு நேர்மாறானவை. சிறிய சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றிவிட்டு, அதன்மேல் குப்புறப் படுத்தபடி சாலையில் இறக்கத்தில் விடுகிறார்கள். நிறுத்துவதற்கு இருப்பது காலணியின் அடிப்பாகம் மட்டுமே.

2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை, ஜோகூர் பாருவில் இத்தகைய சைக்கிள்களோடு சாலையில் இருந்த பதின்ம வயதினர் கூட்டத்தின் மீது கார் மோதி 8 பேர் உயிரிழந்தனர். அவர்கள் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். காரோட்டியின் மீதான வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டு, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்ததில் முடிந்தது. தீர்ப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எந்தத் தீர்ப்பாலும் அந்த எட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியவில்லை.

மரின் இளைஞர்களுக்கும் வேகத்தில் ஆசை இருந்தது. லாஜாக் பிள்ளைகளுக்கும் அதே ஆசைதான். முன்னவர்கள் வேகம் கூடக் கூடப் பிரேக்கைப் பெரிதாக்கினார்கள். பின்னவர்கள் அதைக் கழற்றினார்கள்.

கொடிமலை இறக்கத்தில் நடப்பது என்ன?

ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர் நீளம். அதற்குள் 600 மீட்டருக்கும் அதிகமாக ஏறுகிறது. சராசரியாக 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரம். ரீபேக் பாதையின் சரிவும் ஏறக்குறைய இதே அளவுதான். நம் மலையில் இறக்கம் இன்னும் நீளம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் மெதுவாக இறங்கும்போது பிரேக்கில் சேரும் வெப்பம், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இரண்டு மெல்லிய உலோகத் தட்டுகள் அத்தனை வெப்பத்தையும் வாங்கிக் காற்றில் விட வேண்டும். விடாமல் பிடித்தபடியே வந்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நிற்காது. எதிரே நடந்து வருபவர் வயது முதிர்ந்தவராக இருக்கலாம். வளைவுக்கு அப்பால் ஜீப்பும் வரலாம்.

எனவே விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பயன்படுத்துங்கள். உடலைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். நடுவழியில் நின்று தட்டை ஆற விடுங்கள். அதைக் கையால் தொடாதீர்கள். இரவல் சைக்கிள் என்றால், எந்தக் கைக்கு முன் பிரேக் என்பதைச் சமதளத்தில் சோதித்த பிறகே ஏறுங்கள். எல்லாச் சைக்கிளிலும் அது ஒரே பக்கம் இருப்பதில்லை.

எதை முதலில் மாற்றுவது?

முதலாவது, உடம்புக்கு ஏற்ற பொருத்தம். சீட்டின் உயரத்தையும் ஹேண்டில்பாரின் எட்டும் தூரத்தையும் சரிசெய்யுங்கள். செலவு மிகக் குறைவு. பலன் உடனே தெரியும்.

இரண்டாவது, டயர். ஈர மண்ணுக்கும் பாசி படிந்த சிமென்ட் பாதைக்கும் பிடிப்புள்ள டயர் வேண்டும். 2.2 அங்குல அகல டயரில் டியூப் இருந்தால், நடுத்தர எடையுள்ளவருக்குச் சுமார் 30 பிஎஸ்ஐ காற்றில் தொடங்கிப் பார்க்கலாம். பாறைபோல் காற்றடைத்தால் டயர் துள்ளும், வழுக்கும்.

மூன்றாவது, பிரேக். பேட்டின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். மழையிலும் நெடிய இறக்கத்திலும் உலோகத்துகள் கலந்த பேட் நன்றாகத் தாங்கும். ஆனால் உங்கள் தட்டு அதற்கு ஏற்றதா என்று பட்டறையில் கேளுங்கள். சட்டமும் ஃபோர்க்கும் அனுமதித்தால் 160 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதில் 180 மில்லிமீட்டர் போடலாம். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளிகூடத் தட்டில் படக்கூடாது.

நான்காவது, கியர். பின்னால் பெரிய பல்சக்கரம் இருந்தால் ஏற்றம் எளிதாகும். மிகச் சிறிய பல்சக்கரத்தில் 10 பற்கள் உள்ள புதிய தொகுப்புகள் பழைய ஹப்பில் பொருந்தாமல் போகலாம். சரிபார்த்து வாங்குங்கள்.

ஐந்தாவதாகத்தான் ஃபோர்க். நீளமான ஃபோர்க் போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதுள்ளதைவிட 20 மில்லிமீட்டர் கூடினாலே முன்பகுதி உயர்ந்து, ஹேண்டிலின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை மாறும். சட்டத்தைச் செய்த நிறுவனம் அனுமதித்த அளவைத் தாண்டினால் சட்டத்தின் கழுத்துப் பகுதி விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. ஒரு நல்ல ஃபோர்க்கின் விலையில் டயர், பேட், தலைக்கவசம், கையுறை எல்லாமே வாங்கிவிடலாம்.

பெற்றோருக்கு

பிள்ளையின் சைக்கிளை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். இரண்டு பிரேக்கும் இருக்கின்றனவா? லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் முன்பே சக்கரம் நிற்கிறதா? மணி, முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு உண்டா? இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சைக்கிள் பற்றிய அறிவும் தேவையில்லை.

மலையேறும் முன், பாதை சைக்கிள்களுக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பழத்தோட்டங்கள் தனியார் நிலம். டுரியான் பருவத்தில் அங்கு ஆள் நடமாட்டமும் வண்டிகளும் கூடுதல்.

பட்டறையில் உட்கார்ந்து நட்டைத் திருகும் பிள்ளை ஒரு தொழிலையே கற்றுக்கொள்ளக்கூடும். அந்த ஆர்வத்தைத் திட்டி நிறுத்த வேண்டியதில்லை. முடிந்தால் அவனோடு, அவளோடு நீங்களும் உட்காருங்கள். எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று சேர்ந்தே பேசுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: பிரேக்கைத் தொட்டால் அது முன்பைவிட நன்றாகப் பிடிப்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும்.