கோடும் கணினியும்

மொழி எண்ணத்தைச் சொல்லால் உணர்த்துகிறது. ஓவியம் அதனை உருவால் உணர்த்துகிறது. இவ்விரண்டும் ஒரு பக்கத்தில் ஒருங்கே அமையும்பொழுது, ஒன்று கூறாமல் விட்டதை மற்றொன்று கூறுகிறது. கதை, கட்டுரை, பாடநூல், செய்தித்தாள் ஆகியவற்றின் பொருளைப் படிப்போர்க்குத் தெளிவாக்கும்பொருட்டு வரையப்படும் படம் விளக்க ஓவியம் எனப்படும். அழகு கருதிச் சுவரில் மாட்டப்படும் ஓவியம் தனித்து நிற்கலாம். விளக்க ஓவியமோ தன் அருகிலுள்ள சொற்களோடு உறவு பூண்டு நிற்றல் வேண்டும்.

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றினூடே குருதி செல்லும் வழியைச் சொற்களால் மட்டும் விளக்கப் புகுந்தால் பல பக்கங்கள் வேண்டும். நல்லதொரு படம் அதனை ஒரே பார்வையில் விளக்கிவிடும். அப்படத்தில் ஒரு குழாய் இடம் மாறி அமைந்திருப்பின், அதனைப் பார்க்கும் மாணவர் அனைவரும் பிழையையே கற்பர். ஆதலின் விளக்க ஓவியரின் பொறுப்பு சிறியதன்று. அப்பொறுப்புக்கு ஏற்ற பயிற்சியை அளிப்பவை ஓவியக் கல்லூரிகள்.

தமிழ்நாட்டில் இப்பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டில் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1852இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவராக விளங்கினார். சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையைப் படைத்தவர் அவரே. 1957இல் அவர் ஓய்வு பெற்ற பின்னர், கே. சி. எஸ். பணிக்கர் தலைமை ஏற்றார். அப்பள்ளியே இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயருடன் திகழ்கிறது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி ஒன்று உண்டு. இங்குப் பெறும் இளநிலைப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் பயிலவேண்டும்.

கல்லூரியில் சேரும் மாணவர் முதற்கண் கற்பது யாது? வண்ணம் தீட்டுதலன்று, பார்த்தல். ஒரு குடத்தை எல்லோரும் நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் அதனை வரையச் சொன்னால், பலர் தாம் அறிந்த குடத்தையே வரைவர். எதிரில் உள்ள குடத்தை வரையார். குடத்தின் வாய் வட்டமானது என்பது அறிவு. சற்றுத் தொலைவில் அமர்ந்து காணும்பொழுது அது நீள்வட்டமாகத் தோன்றும் என்பது காட்சி. அறிவையும் காட்சியையும் பிரித்துணரக் கண்ணைப் பழக்குவதே ஓவியக் கல்வியின் முதற்படி.

இதற்காகவே மாணவர் பழம், துணி, பாத்திரம் முதலியவற்றை எதிரில் வைத்து வரைகின்றனர். மாதிரியாக அமர்ந்திருப்போரைப் பார்த்து உடலின் அமைப்பை வரைகின்றனர். சந்தைக்கும் இரயில் நிலையத்திற்கும் சென்று, நடப்போரையும் சுமை தூக்குவோரையும் விரைந்து கோடுகளில் பிடிக்கின்றனர். சுமை தூக்குபவர் ஓவியருக்காக நிற்பதில்லை. அவர் கடந்து செல்லும் சில நொடிகளுக்குள், உடலின் எடை எந்தக் காலில் ஊன்றியுள்ளது, தோள் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பனவற்றைக் கண் தேர்ந்துகொள்ளல் வேண்டும். வண்ணம் தீட்டாது கோட்டினால் மட்டும் வரைந்த படத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்றனர். கோட்டிலேயே உருவம் நிற்குமாயின், வண்ணம் அதற்கு அணியாகும். கோடு தவறுமாயின், எவ்வண்ணமும் அதனைக் காவாது.

அடுத்துக் கற்கவேண்டுவது படித்தல். விளக்க ஓவியர் நல்ல வாசகராகவும் இருத்தல் வேண்டும். ஓர் அத்தியாயத்தில் இருபது நிகழ்ச்சிகள் இருக்கலாம். வரைவதற்கு இடம் ஒன்றுக்கே இருக்கும். எதனை வரைவது? வாள் வீசப்பட்ட நொடியையா? அதற்கு முன்னர் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி நின்ற நொடியையா? முடிவைப் படத்தில் முன்னரே காட்டிவிட்டால் கதையின் சுவை கெடும். ஒன்றும் காட்டாவிட்டால் படம் பயனற்றதாகும். தேர்ந்தெடுக்கும் இவ்வாற்றலே விளக்க ஓவியத்தின் உயிர்நாடி.

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற மணியம் இதற்குத் தக்க சான்றாவார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தபொழுது, அதற்குப் படம் வரைந்தவர் அவர். பழங்காலத்தார் உடை, அணி, கொண்டை, நிற்கும் நிலை ஆகியவற்றை அறிதற்குச் சிற்பங்களும் சுவர் ஓவியங்களுமே அவருக்கு நூல்களாயின. வந்தியத்தேவன் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் பலருடைய மனக்கண்ணில் தோன்றும் உருவம் அவர் வரைந்ததேயாகும். அதே பள்ளியில் பயின்ற சில்பி, கோயில் கோயிலாகச் சென்று தெய்வத் திருவுருவங்களையும் சிற்பங்களையும் நேரில் கண்டு வரைந்தார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தலைப்பில் ஆனந்த விகடனில் வெளிவந்த அப்படங்கள், அச்சிற்பங்களை நேரில் காணாதவர்க்கும் அவற்றின் நுட்பத்தைக் காட்டின.

ஓவியர் வரைந்த படம் மக்களைச் சென்றடைவதற்கு ஒரு கருவி வேண்டும். அக்கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. தொடக்கத்தில் மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி அச்சிட்டனர். பின்னர்த் துத்தநாகத் தகட்டில் கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு ஏனைய இடங்களை அமிலத்தால் அரித்து, பிளாக்குகள் செய்தனர். அவற்றில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இடைப்பட்ட சாம்பல் நிறம் இல்லை. எனவே நிழலைக் காட்ட விரும்பிய ஓவியர், நெருங்கிய மெல்லிய கோடுகளை வரையக் கற்றனர். கருவியின் குறையே புதியதொரு கோட்டு நடைக்குக் காரணமாயிற்று.

அவ்வரிசையில் வந்த கருவியே கணினி. 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், ஒளிப்பேனாவினால் கணினித் திரையின்மீது நேராகப் படம் வரையும் முறையை அமெரிக்காவில் செய்து காட்டினார். இன்று மாணவர் வரைபலகையின்மீது மின்பேனாவை நகர்த்துகின்றனர். அழுத்தம் மிகுந்தால் கோடு தடிக்கிறது, குறைந்தால் மெலிகிறது. டிஜிட்டல் ஊடகம் எனப்படும் இத்துறை இக்காலத்து ஓவியக் கல்வியில் ஒரு பகுதியாகிவிட்டது.

கணினியில் படம் இருவகையாக அமைகிறது. ஒன்று, பிக்சல் எனப்படும் நுண்ணிய சதுரங்களால் ஆனது. ஓர் அங்குலத்திற்கு 300 பிக்சல் என்னும் கணக்கில் 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்தில் 72 இலட்சம் பிக்சல்கள் உண்டு. இவ்வகைப் படத்தை மிகப் பெரிதாக்கினால் சதுரங்கள் வெளிப்பட்டுப் படம் சிதையும். மற்றொன்று, கோடுகளின் வளைவைக் கணித முறையில் குறித்து வைப்பது. இதனை அஞ்சல்தலை அளவிலும் அச்சிடலாம், பெரிய விளம்பரப் பலகை அளவிலும் அச்சிடலாம், கூர்மை குன்றாது.

வண்ணத்திலும் அறியவேண்டிய ஒன்று உண்டு. திரையில் தோன்றும் நிறம் ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் முழு அளவில் கலந்தால் வெண்மை பிறக்கும். தாளில் தோன்றும் நிறமோ மையால் ஆனது. நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அது அமைகிறது. மைகள் கலக்கக் கலக்க இருள் மிகும். ஆதலால் திரையில் ஒளிர்ந்த பச்சை, தாளில் மங்கித் தோன்றுதல் இயல்பு. இதனை அறியாத ஓவியரின் உழைப்பு அச்சகத்தில் வீணாகும்.

நிற்கும் படத்தை இயங்கச் செய்வதும் இத்துறையைச் சார்ந்ததே. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள் வேண்டும். ஒரே படத்தை இரு முறை காட்டி வரைவதைக் குறைத்தலும் உண்டு. ஓவியர் அசைவின் முதன்மையான நிலைகளை முதலில் வரைகிறார். இடைப்பட்ட நிலைகள் பின்னர் நிரப்பப்படுகின்றன. தரையில் விழுந்து எழும் பந்து மேலே செல்லச் செல்ல வேகம் குறைவதையும், கீழே வரவர வேகம் கூடுவதையும் கூர்ந்து நோக்கியவரே அதனை உயிரோடு இயக்க வல்லவர். சந்தையில் நின்று வரைந்த பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ட்ராட்ஸ்கி மருது, தூரிகையிலும் கணினி வரைகலையிலும் ஒருங்கே பணியாற்றிப் புகழ் பெற்றவர்.

இந்நிலையில் ஒரு வினா எழுகிறது. வேண்டியதைச் சொற்களால் விவரித்தால், சில நொடிகளில் படத்தை ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022ஆம் ஆண்டு முதல் பரவலாக வழங்குகின்றன. கருவியே வரையுமாயின், நான்கு ஆண்டுகள் அமர்ந்து குடத்தையும் துணியையும் வரைந்து பயிலுவது எதற்கு? ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இது வீண் வினாவன்று. வாழ்க்கையைப் பற்றிய வினா. படம் வரைவோர்க்குக் கிடைத்துவந்த எளிய பணிகள் சில இக்கருவிகளால் குறைதலும் கூடும்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக்கருவிகள் முன்னரே மனிதர் படைத்த எண்ணற்ற படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. சோழர் காலப் படைவீரனை வரையச் சொன்னால், வேறு நாட்டுக் கவசத்தை அவனுக்கு அணிவித்துவிடுதலும் உண்டு. இதயத்தை வரையச் சொன்னால், குழாய்களைத் தவறாக இணைத்துவிடுதலும் உண்டு. படம் பளபளப்பாக இருக்கும், உண்மை இராது. அப்பிழையைக் காண்பவர் யார்? சிற்பங்களைக் கண்டவர்; உடலமைப்பைக் கற்றவர்; கதையை முழுவதும் படித்தவர். பார்க்கப் பழகாத கண்ணுக்குப் பிழையும் அழகாகவே தோன்றும்.

எளிமையில் வேறோர் இடரும் உண்டு. பிறர் படத்தை எடுத்துச் சிறிது மாற்றித் தமது என்று காட்டுதல் கணினியில் மிக எளிது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், வெளியிடப்பட்ட ஓவியத்தின் உரிமையை ஓவியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்த பின்னர் 60 ஆண்டுகளிலும் காக்கிறது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்றி, தம் உழைப்பைத் தாமே மதிக்கும் பொருட்டும் மாணவர் இந்நேர்மையைப் பேணுதல் வேண்டும். பிறர் கோட்டைப் பார்த்துப் பயிலுதல் கல்வி. அதனைத் தமதென்று விற்றல் களவு.

கருவி மாறினாலும் கலை நிலைபெறும் என்பதற்குக் கோபுலுவின் வாழ்க்கை ஒரு சான்று. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு வரைந்த படங்களாலும் நகைச்சுவைச் சித்திரங்களாலும் பெரும்புகழ் பெற்றார். முதுமையில் நோயினால் வலக்கை தளர்ந்தபொழுது அவர் சோர்ந்துவிடவில்லை. இடக்கையால் வரையப் பழகிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தார். கை புதிது, ஆயின் மனிதரின் நடையையும் முகக்குறிப்பையும் பல்லாண்டுகள் நோக்கிச் சேர்த்த செல்வம் பழையது. அச்செல்வம் எக்கருவியாலும் தரப்படுவதன்று; தாமே கண்டு, தாமே வரைந்து ஈட்டவேண்டுவது. ஓவியக் கல்லூரியில் கழியும் நான்கு ஆண்டுகள் அவ்வீட்டத்தின் தொடக்கமேயாகும்.