மூளை என்னும் அரண்மனை

தக்கலைக்கு அண்மையில், வேளிமலையின் அடிவாரத்தில், பத்மநாபபுரம் அரண்மனை அமைந்துள்ளது. அங்கே ஒவ்வொரு கூடத்திற்கும் ஒரு பணி இருந்தது. அரசர் அமைச்சரோடு கூடி ஆராய்ந்த இடம் மந்திரசாலை. பலருக்கும் அன்னம் அளித்த இடம் ஊட்டுப்புரை. ஆடலும் பாடலும் நிகழ்ந்த இடம் நவராத்திரி மண்டபம். ஊட்டுப்புரை இடிந்தால் விருந்து தடைப்படும். மந்திரசாலை இடிந்தாலோ ஆட்சியே தடுமாறும். மனித மூளையும் ஏறத்தாழ இத்தகையதே. அதன் எப்பகுதி பழுதுபடுகிறதோ, அதற்கேற்ப மனிதன் இழப்பதும் வேறுபடும்.

1861ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் புரோக்கா, 'டான்' என்னும் ஓர் அசையை மட்டுமே கூறவல்ல நோயாளி ஒருவரைக் கண்டார். பிறர் பேசுவது அந்நோயாளிக்குப் பெரும்பாலும் விளங்கியது. அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, மூளையின் இடப்பக்க நெற்றிமடலில் பழுது காணப்பட்டது. பேச்சை ஆளும் பகுதி மூளையில் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

பேச்சேயன்றிக் குணமும் மூளையைச் சார்ந்ததே. அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்தில் பினியாஸ் கேஜ் என்னும் மேற்பார்வையாளர் இருப்புப்பாதை அமைக்கப் பாறையை வெடிவைத்துப் பிளந்துவந்தார். 1848 செப்டம்பர் 13 அன்று, வெடியால் எறியப்பட்ட இரும்புக்கோல் அவரது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளிவந்தது. அவர் உயிர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆயினும் பொறுப்பு மிக்க அவர், பொறுமையிழந்தவராகவும் எதிலும் நிலைகொள்ளாதவராகவும் மாறியதை மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்தார். சிதைந்தது நெற்றிமடல், அதுவே மூளையின் மந்திரசாலை. எனினும், கேஜ் பின்னர்ச் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டி வாழ்ந்தார். இழந்தவற்றுள் சில மீளவும் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

மூளையின் வலப்பக்கம் பழுதுபட்டோருள் சிலர், இடக்கை அசையாது கிடந்தும் அது நலமாகவே உள்ளது என்பர். தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் அமெரிக்காவில் இத்தகையோரை ஆராய்ந்தார். அவர்கள் பொய்யர் அல்லர். தம் குறையை உணரும் ஆற்றலையே இழந்தவர்கள்.

மனநிலையோ ஒரே கூடத்தில் அடங்குவதன்று. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் உற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு அடைகின்றனர். இடப்பக்க நெற்றிமடல் பழுதே இதற்குக் காரணம் என்று முன்னர்ச் சிலர் கருதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அரண்மனைக் கூடங்களை இடைவழிகள் இணைப்பதுபோல, மூளையின் பகுதிகளை நரம்பிழைகள் இணைக்கின்றன. வழி அறுந்தாலும் பணி கெடும்.

தக்கலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் எண்ணற்ற வண்டிகள் விரைகின்றன. தலைக்கவசம் அணிபவர் தம் உயிரை மட்டுமன்றித் தம் குணத்தையும் காத்துக்கொள்கிறார். தலையில் அடிபட்டு வீடு திரும்பிய ஒருவர் காரணமின்றிச் சினந்தால், அவரைக் குணங்கெட்டவர் என்றோ பேய் பிடித்தவர் என்றோ இகழ்தல் தகாது. கை முறிந்தவரைச் சுமை தூக்குமாறு எவரும் பணிப்பதில்லை. மூளை புண்பட்டவருக்கும் அப்பரிவும் மருத்துவமும் உரியனவாகும்.