மணியோசை வரும் முன்னே

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது நம் பழமொழி. திரைப்பட உலகில் அந்த மணியோசையின் பெயர் முன்னோட்டம். ‘டிரெய்லர்’ என்றும் கூறுவர். பேய்ப் படத்தின் முன்னோட்டத்தைக் கண்ட சிறுவர் சிலர், இரவில் தண்ணீர் குடிக்கக்கூட அடுக்களைக்குத் தனியே போக அஞ்சுகின்றனர். இரண்டு, மூன்று நிமிடமே ஓடும் ஒரு துண்டுப் படத்திற்கு இத்துணை ஆற்றல் எவ்வாறு வந்தது? அதன் உத்திகளைச் சிறிது ஆராய்வோம்.

முதல் உத்தி, சொல்லாமல் நிறுத்துவது. இது நமக்குப் புதிதன்று. முன்னாளில் மதுரைத் தியேட்டர்களிலும், சுற்றுப்புற ஊர்களின் டூரிங் கொட்டகைகளிலும் விற்ற பாட்டுப் புத்தகங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுகூர்வர். அவற்றில் கதைச் சுருக்கம் இருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு கூறிக் கதை நின்றுவிடும்! ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் தமது ‘சைக்கோ’ படத்தின் முன்னோட்டத்தில் இதையே செய்தார். ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியைப் போல், கொலை நடந்த வீட்டை அவரே சுற்றிக் காட்டுவார். முக்கியமான இடத்தில் பேச்சைப் பாதியில் விழுங்குவார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்குவார். ஒரு பெண்ணின் அலறல் கேட்கும். அவ்வளவே. கொலையை அவர் காட்டவில்லை.

திகைப்பு வேறு, திகில் வேறு என்று விளக்கியவரும் அவரே. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகின்றனர். மேசையடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் நமக்குக் கிடைப்பது சில நொடித் திகைப்பு. குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்பே தெரிந்தால், அவர்கள் பேசும் நேரம் முழுவதும் நமக்குத் திகில். முன்னோட்டம் இரண்டையும் கையாளுகிறது. முதலில் மகிழ்ச்சியான குடும்பம், புது வீடு, பின்பு தானே திறக்கும் கதவு, பிறகு விரைந்து மாறும் காட்சிகள், படத்தின் பெயர். முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது மீண்டும் ஓர் அதிர்ச்சி!

இரண்டாவது உத்தி, பாதியைக் காட்டிப் பாதியை மறைப்பது. 1967இல் வெளிவந்த ‘அதே கண்கள்’ படத்தில் முகத்தை மறைத்துக்கொண்ட உருவம் ஒன்று நடமாடும். மதுரையைச் சேர்ந்த கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய ‘பீட்சா’ (2012) படத்தில், இருண்ட வீட்டில் அகப்பட்ட இளைஞன் கை விளக்குடன் அலைவான். விளக்கொளிக்கு வெளியே இருப்பது என்ன? அதை நிரப்புவது நம் மனமே. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் முன்னோர் இதனை ஒரே வரியில் கூறிவிட்டனர்.

மூன்றாவது உத்தி ஒலி. அமைதி நீளும்போது நாம் காதைக் கூர்மையாக்குகிறோம். அந்நேரம் பேரொலி எழுந்தால், அறிவு சிந்திக்கும் முன்பே கண் இமைக்கிறது, தோள் குறுகுகிறது. உடலைக் காக்க இயற்கை தந்த அனிச்சைச் செயல் இது, கோழைத்தனம் அன்று.

அஞ்சுவதை ஏன் விரும்புகிறோம்? தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்று அது பிறக்கும் என்கிறது. பேய்ப் படம் பெரிதும் முதலாவதைக் கொண்டே பிழைக்கிறது. அமெரிக்க அறிஞர் நோயல் கரோல் 1990இல் எழுதிய நூலில், இத்தகைய கதைகளில் நம்மை இழுப்பது அச்சமன்று, அறியாததை அறியும் ஆவலே என்று வாதிட்டார். பாட்டுப் புத்தகம் தூண்டியதும் அந்த ஆவலைத்தான் அன்றோ!

மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. பேய் என்றாலே விரித்த கூந்தல், வெள்ளைச் சேலை, கொலுசொலி. அது ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது? பார்த்துப் பார்த்துப் பழகிய கண், மனநோயால் துன்புறும் பெண்ணையும் பேய் பிடித்தவள் என்றே காணக்கூடும். மருத்துவரிடம் போக வேண்டியவள் பூசாரியிடம் போகிறாள். மலையாள ‘மணிச்சித்திரத்தாழு’ (1993) படமும், அதைத் தழுவிய ‘சந்திரமுகி’யும் (2005) பேய் என நம்பப்பட்டதை ஒரு பெண்ணின் மனநோய் என்று காட்டின. அப்பெண்ணைக் குணப்படுத்த முயல்பவர் மனநல மருத்துவரே என்பதைப் பாராட்டலாம்.

நம் நாட்டில் தியேட்டரில் ஓடும் முன்னோட்டத்திற்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பெற்றோர் துணையுடன் காணத்தக்க படங்களை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்துள்ளது. ஆனால், இணையத்தின் வழியே கைப்பேசிக்கு வரும் முன்னோட்டம் தணிக்கையைக் கடந்து வருவதன்று. அங்கே காவல் பெற்றோரும் மூத்த சகோதரிகளாகிய நாமுமே.

வீட்டில் தம்பியோ தங்கையோ முன்னோட்டம் ஒன்றைக் கண்டு மிரண்டால், “சீ, இதற்கா பயம்!” என்று ஏளனம் செய்ய வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அருகில் உட்கார வைத்து, ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு, அதையே மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். சற்று நேரத்தில் சிரிப்பொலி கேட்கும்.