செல்லுக்குள்ளும் ஓர் அமோனியா குழாய்: ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 26 இரவை எண்ணூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் பகுதி மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் அமோனியா ஆலையில் மட்டும் இல்லை. எண்ணூரோ, புளியந்தோப்போ, எங்கே இருந்து இதைப் படித்தாலும் உங்கள் உடம்பிலும் இப்போது அது உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பகுதியைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. சில வேலைகளுக்கு அமோனியா செல்லுக்கே தேவை. அங்கே அதைக் கையாள செல்லும் ஒரு குழாயைத்தான் நம்பியிருக்கு.

அந்தக் குழாய் எங்கே இருக்கு?

என்சைம் என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். வினை நடக்கும் இடம் செயல்மையம். கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் என்ற என்சைமில் மூன்று செயல்மையங்கள் உண்டு. முதல் மையம் குளூட்டமைனிலிருந்து அமோனியாவைப் பிரிக்கும். இரண்டாவது அதை பைகார்பனேட்டோடு சேர்த்து கார்பமேட் ஆக்கும். மூன்றாவது அதை கார்பமாயில் பாஸ்பேட் ஆக்கும். டிஎன்ஏ, ஆர்என்ஏ எழுத்துகளில் சில இதிலிருந்துதான் தயாராகின்றன.

ஈ.கோலை பாக்டீரியாவின் இந்த என்சைமை 1997-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் படம்பிடித்தபோது, மூன்று மையங்களையும் இணைக்கும் சுரங்கம் தெரிந்தது. நீளம் சுமார் 10 நானோமீட்டர்.

குழாய் எதுக்கு?

வெளியே விட்டால் அமோனியா தண்ணீரோடு சேர்ந்து அமோனியம் ஆகி, வினைபுரியும் திறனை இழந்துவிடும். கார்பமேட்டோ ஒரு நொடிகூடத் தாங்காமல் சிதைந்துவிடும்.

2004-ல் ஆய்வாளர்கள் மரபணுவை மாற்றி, சுரங்கச் சுவரில் வேண்டுமென்றே ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். குளூட்டமைன் வழக்கம்போல உடைந்தது, ஆனால் பொருள் தயாராகவில்லை. அமோனியா வழியிலேயே கசிந்துவிட்டது. வெளியிலிருந்து நேரடியாக அமோனியா கொடுத்தால் மட்டும் வேலை நடந்தது.

குழாய் மட்டும் போதாது. மறுமுனை தயாரானால்தான் முதல் மையம் குளூட்டமைனை வேகமாக உடைக்கும். வாங்க ஆளில்லாமல் சரக்கு அனுப்புவதில்லை.

நமக்கு என்ன?

மனித செல்லில் இந்த வேலையையும் அடுத்த இரண்டு கட்டங்களையும் 'கேட்' என்ற ஒரே புரதம் செய்கிறது. அதன் மரபணுவில் கோளாறோடு பிறந்த குழந்தைகளுக்குக் கடும் வலிப்பும் ரத்தசோகையும் வரலாம். இந்தப் பாதையின் முடிவில் கிடைக்கவேண்டிய யூரிடினை வாய்வழியாகவே கொடுத்தபோது வலிப்பு கட்டுக்குள் வந்ததாக 2017-ல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். காரணம் தெரியாத வலிப்புள்ள குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்யும்போது இந்த மரபணுவையும் பார்ப்பது அதனால்தான் முக்கியம். அரிதான நோய்தான், ஆனால் மருந்து இருக்கு.