ஓ.எல்.இ.டி. திரை: வாசலில்தான் சூட்சுமம்

பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் செல்போன், டி.வி. விற்பனை செய்யும் நம் உறுப்பினர்களிடம் வாடிக்கையாளர் கேட்பது: "எல்.இ.டி.க்கும் ஓ.எல்.இ.டி.க்கும் விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?" தெளிவாகப் பதில் சொல்லும் கடைக்கே வாடிக்கை நிலைக்கும். ஆகவே விவரத்தைச் சுருக்கமாகத் தருகிறோம்.

நாம் எல்.இ.டி. டி.வி. என்று விற்பவை பெரும்பாலும் எல்.சி.டி. திரைகளே. பின்னால் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கு கிடையாது. கார்பன் சேர்மங்களாலான மெல்லிய படலமே ஒளிர்கிறது. அதன் ஒருபுற மின்முனையிலிருந்து எலெக்ட்ரான்களும், மறுபுறத்திலிருந்து 'துளை' எனப்படும் நேர்மின்னூட்டங்களும் உள்ளே வந்து சேரும்போது ஒளி பிறக்கிறது.

படி உயர்ந்தால் கூலி உயரும்

சின்ன வெங்காய மூட்டையோ, சிமெண்ட் மூட்டையோ, குடோன் தரையும் லாரித் தளமும் ஒரே மட்டமாக இருந்தால் ஏற்றுவது எளிது. மட்டம் மாறினால் ஆளும் நேரமும் கூடும். அதேபோல மின்முனைக்கும் படலத்துக்கும் ஆற்றல் மட்டம் பொருந்தாவிட்டால், கூடுதல் வோல்டேஜ் கொடுத்தே மின்னூட்டத்தை ஏற்ற வேண்டும். மின்சாரம் வீணாகும், சூடு ஏறும், ஆயுள் குறையும். ஒருபுற வரத்து மிகுந்து மறுபுறம் குறைந்தாலும் ஜோடி சேராதவை ஒளி தருவதில்லை.

1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் மெக்னீசியம்-வெள்ளிக் கலவையை எதிர்மின்முனையாக வைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே நல்ல ஒளி பெற்றனர். மெக்னீசியமும் கால்சியமும் எலெக்ட்ரானை எளிதில் விடும். ஆனால் ஈரம் பட்டால் கெடும். அலுமினியம் தாங்கும், ஆனால் படி உயரம். 1997இல் அதே நிறுவன ஆய்வாளர்கள் அலுமினியத்துக்கும் படலத்துக்கும் நடுவே லித்தியம் ஃப்ளோரைடு என்னும் உப்பைப் பூசி இதைத் தீர்த்தனர். அது மின்சாரம் கடத்தாத உப்பு. தடிமன் கூடினால் தடையாகும். சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் வழிவிடும்.

நேர்முனையான, ஒளி ஊடுருவும் இந்தியம் டின் ஆக்சைடை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் சுத்தம் செய்து படியைக் குறைக்கிறார்கள். இத்தகைய திரைகளுக்கான ஆய்வு மையம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் 2024இல் திறக்கப்பட்டது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. டிஸ்ப்ளே பீஸில் ஒரே படத்தை நாள் முழுவதும் முழு வெளிச்சத்தில் ஓட்டாதீர். அந்த இடம் முன்னதாகத் தேய்ந்து, படத்தின் நிழல் கறையாகத் தங்கும்.

2. திரை விரிசல் விட்டால் ஈரம் புகுந்து மின்முனையைக் கெடுக்கும்; கரும்புள்ளி பரவும். உலர்த்தினால் சரியாகாது. மாற்றுவதே வழி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. ஓ.எல்.இ.டி. போனுக்கு விலை குறைந்த எல்.சி.டி. திரையும் மாற்றாக வருகிறது. இருட்டில் முழுக் கறுப்புப் படத்தை வைத்துப் பாருங்கள். மங்கிய வெளிச்சம் தெரிந்தால் எல்.சி.டி. எது போட்டீர்கள் என்பதை ரசீதில் எழுதிக் கொடுத்தால் பின்னால் தகராறுக்கு இடமில்லை.