ஓய்வு பெற்ற "திரீ நாட் திரீ"

ரயில் நிலையத்தில் பாதுகாப்புப் படைக் காவலரின் தோளில் தொங்கிய அந்த நீண்ட ரைபிளைப் பார்க்காத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. "திரீ நாட் திரீ" என்று எல்லோரும் சொல்வார்கள். முழுப்பெயர் .303 லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட்டும், என்ஃபீல்டு தொழிற்சாலை வகுத்த குழல் காடியும் சேர்ந்ததால் அந்தப் பெயர். 1895-ல் பிரிட்டிஷ் ராணுவம் இதை ஏற்றது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித்தான் சுட வேண்டும்.

2008 நவம்பர் 26 இரவு சத்ரபதி சிவாஜி நிலையத்தில் பயங்கரவாதிகள் தானியங்கித் துப்பாக்கிகளோடு நுழைந்தபோது, ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ் சக காவலர் கையிலிருந்த ஒரு .303-ஐ வாங்கித்தான் எதிர்த்துச் சுட்டார். அதற்குள் அந்த ரைபிளின் காலம் முடிந்திருந்தது. 2020 குடியரசு தின அணிவகுப்பில் உத்தரப் பிரதேச போலீஸார் அதற்கு முறைப்படி விடை கொடுத்தார்கள்.

நாம் கழித்துவிட்ட இந்த ரைபிளைத்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் தேடித்தேடி வாங்குகிறார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதக் குறியை வைத்துச் சுட்டு மகிழ்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

உடம்பெல்லாம் எழுத்து

சியால்டாவிலிருந்து ராணாகாட் போகும் பாதையில் இச்சாப்பூர் என்றொரு நிலையம் உண்டு. அங்கே 1904-ல் தொடங்கியதுதான் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. அங்கு செய்த ரைபிளில், கைப்பிடிக்கு அருகே உள்ள இரும்புப் பட்டையைப் பார்த்தால் போதும், அதன் ஜாதகம் தெரிந்துவிடும். கிரீடமும் "ஜி.ஆர்.ஐ." என்ற எழுத்துக்களும் இருந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தது. அசோகர் சிங்கமும் "ஆர்.எஃப்.ஐ." என்பதும் இருந்தால் குடியரசான பிறகு செய்தது. பக்கத்திலேயே வருஷமும் பொறித்திருக்கும்.

ரைபிளின் உடலில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். மரம் பிளக்காமலிருக்க முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு போட்டிருந்தால், அது இஷாப்பூர் கைவேலை என்று சேகரிப்பாளர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். முன்கட்டை முழுவதும் செப்புக் கம்பி சுற்றியிருந்தால், அது கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. குழலின் காடியை வழித்தெடுத்து .410 மஸ்கட்டாக மாற்றியவையும் உண்டு. போலீஸுக்கென்று செய்தவை அவை. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் இதே அமைப்பில் 7.62 மி.மீ. ரைபிளும் செய்தார்கள். அதன் தோட்டாப் பெட்டி பன்னிரண்டு கொள்ளும். தொழிலாளியின் பெயர் எதிலும் இல்லை. அவர் வேலை மட்டும் நிற்கிறது.

சுடுவதற்கு முன்

பழைய ரைபிளை வாங்கியவுடன் தோட்டா போட்டுச் சுடுபவன் முட்டாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் தெரிந்த "கோ", "நோ-கோ" கேஜ்களைத்தான் முதலில் அறைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். தேய்மானம் அளவு மீறியிருந்தால் அந்த ரைபிளைச் சுவரில் மாட்டுவதோடு சரி. "டி.பி." என்று பொறித்தது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும். என்.சி.சி.யில் இருந்தவர்கள் அதைத் தூக்கி நடந்திருப்பார்கள். அதைச் சுடவே கூடாது.

பழைய தோட்டாவின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் உப்பைப் படிய விடும். உப்பு ஈரத்தை இழுக்கும், இரண்டொரு நாளில் துரு ஏறும். ஆகையால் சுட்டு முடித்ததும் கொதிநீரைக் குழல் வழியே ஊற்றி, உலர்த்தி, எண்ணெய் இடுவார்கள்.

1859-ல் தோன்றிய இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கம், 1890 முதல் பிஸ்லி என்ற ஊரில் போட்டிகளை நடத்தி வருகிறது. பழைய ரைபிள்களுக்கென்றே அங்கு தனிப் போட்டிகள் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிஷத்தில் பதினைந்து குண்டுகளைக் குறி தவறாமல் சுட வேண்டும் என்பது விதி. அதே வேகத்தை எட்டிப் பார்ப்பதில் இவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

2003-ல் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதசாலையில் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வெளிநாட்டு வியாபாரிகள் மொத்தமாக வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மார்ட்டினி-ஹென்றி, ஸ்னைடர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆயுதங்கள். 1898-க்குள் செய்த துப்பாக்கி அந்நாட்டுச் சட்டப்படி பழம்பொருள். ஒரு நாட்டின் சரித்திரம் இப்படி வீடு வீடாகச் சிதறிப் போயிற்று.

நம் நாட்டில்

இங்கே அந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. .303 ரைபிள் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. இஷாப்பூர் பொதுமக்களுக்கு விற்ற ரைபிள்களில் ஒன்று .315. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பரம்பரைச் சொத்தானாலும் அதே கணக்கு. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

ஆகவே ஊரில் பரண் மேல் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது கிடந்தால், "பழசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். சுட்டுப் பார்க்கவும் வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போடவும் வேண்டாம். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலமாகத் தெரிவிப்பதே நல்லது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கழிக்கப்படும் ரைபிள்கள் அத்தனையும் உலைக்குப் போனால், அவற்றில் பொறித்த வருஷமும் எண்ணும் சேர்ந்து உருகிவிடும். செயலிழக்கச் செய்து மாவட்டத்துக்கு ஒன்றையாவது கண்ணாடிப் பெட்டியில் வைத்து, எங்கே செய்தது, எந்த வருஷம், யார் தோளில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். நம் நாட்டுத் தொழிலாளி செய்த பொருளைப் பார்க்க நம் பிள்ளைகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும்படி ஆகக் கூடாது.